சுகம் என்று எழுதியவர்கள்

தாம்பரம்
12-8-1968

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். நீங்களும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? பாளையங்கோட்டையில் மழை உண்டா? இங்கே வெறும் காற்றுதான். வார்டு ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் ரோட்டு மண்ணெல்லாம் படுக்கையில்.

இத்துடன் ஒரு கட்டுக் காகிதம் வருகிறது, பயப்படாதீர்கள். நர்சுகள் செய்கிற ஆராய்ச்சிக்கென்று லண்டனில் ஒரு டிரஸ்ட் வருடா வருடம் நிதி தருகிறதாம். அதற்கான விண்ணப்பப் பாரம் மேட்ரன் மேஜையில் மூன்று மாதமாகச் சும்மா கிடந்தது. நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எங்கள் முதுகுத்தண்டு வார்டு உங்களுக்குத் தெரியாததா? அதே எட்டுக் கட்டில். கிணற்றில் விழுந்தவர், பனையிலிருந்து விழுந்தவர், லாரியில் அடிபட்டவர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாததால் புண் வருவது அவர்களுக்கே தெரிவதில்லை. இரண்டு மணிக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைத்து, சுத்தமான உடம்போடு வீட்டுக்கு அனுப்புகிறோம். ஆறு மாதம் கழித்துச் சிலர் எலும்பு தெரிகிற புண்ணோடு வந்து இறங்குகிறார்கள். சிலர் வருவதே இல்லை, சாவுச் செய்திதான் வருகிறது. வீட்டுக்குப் போனபின் என்ன நடக்கிறது? அதைத் தெரிந்துகொள்ளத்தான் பணம் கேட்கிறேன்.

என் இங்கிலீஷ் லட்சணம் உங்களுக்குத் தெரியும். சேலையூர் ஸ்கூலில் பத்து வருடம் பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மை ஓட்டினீர்கள். இதிலும் ஓட்டுங்கள்.

நாலாம் பக்கத்தில் உங்களைப் பற்றி ஒரு வாக்கியம் வருகிறது. பேர் போடவில்லை. "ஆசிரியர் ஒருவர், கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்ட மாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறி விழுந்தவர். எங்கள் வார்டிலிருந்து வீட்டுக்குப் போய் மூன்று வருடம் நாலு மாதம் ஆகிறது. இதுவரை ஒரு புண்கூட வந்ததில்லை." வீட்டார் ஒழுங்காகக் கவனித்தால் முடியும் என்பதற்கு நீங்கள்தான் என் சாட்சி. போடலாமா? அக்டோபர் முப்பத்தொன்றுக்குள் லண்டன் போய்ச் சேர வேண்டும்.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கை
ஜீவரத்தினம்


பாளையங்கோட்டை
29-8-1968

அன்புள்ள ஜீவா,

உன் கட்டு வந்தது. நாங்கள் சுகம். மழை இங்கேயும் பேருக்குத்தான். அண்ணி ஸ்கூலில் பரீட்சைப் பேப்பரை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறாள்.

வீட்டில் சிவப்பு மை இல்லை, பச்சையில் திருத்தியிருக்கிறேன். எழுத்துப்பிழை நாற்பத்தொன்று. உன் வகுப்பில் நீ நாற்பதைத் தாண்டியதில்லை என்று நினைவு.

மூன்றாம் பக்கத்தில் "இந்த ஏழைகளுக்குக் கர்த்தர் இரங்கும்படி" என்று ஒரு பத்தி எழுதியிருக்கிறாயே, அது ஜெபம். அதை அவரிடமே நேரில் சொல்லிக்கொள். லண்டன்காரனுக்கு ஒரு கேள்வி வேண்டும். "வீட்டுக்குப் போன நோயாளிகளை மாதம் ஒருமுறை ஒரு நர்ஸ் தேடிப் போய்ப் பார்த்தால் புண் குறையுமா?" உன் மனதில் இருப்பது இவ்வளவுதான். இதைத் தலைப்பில் போடு. பிறகு எத்தனை பேர், எத்தனை மாதம், குறைந்ததை எப்படி அளப்பாய் என்பதை வரிசையாகச் சொல். உருக்கத்தை ஒரு பத்தியோடு நிறுத்து.

நாலாம் பக்க வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை.

டியூஷன் பிள்ளைகளைக் கொஞ்சம் குறைத்துவிட்டேன். வேறு விசேஷம் இல்லை. வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்
வேதசிரோமணி


தாம்பரம்
20-9-1968

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். நீங்கள் இருவரும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். டியூஷனை ஏன் குறைத்தீர்கள் என்று எழுதவே இல்லையே?

டாக்டர் லாசரஸ் கையெழுத்து வாங்கப் போனேன். பாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரிசர்ச்செல்லாம் நமக்கு எதுக்கு சிஸ்டர்? இருக்கிற வேலை போதாதா?" என்றார்.

"அந்த வேலை வீணாப் போகுதான்னு பாக்கத்தான் டாக்டர்" என்றேன்.

தலைமை ஆராய்ச்சியாளர் என்ற இடத்தில் அவர் பேரை எழுதி வைத்திருந்தேன். டாக்டர் இல்லாவிட்டால் பாரத்தை எடுத்துப் பார்க்கவே மாட்டார்கள் என்று மேட்ரன் சொல்லியிருந்தார். அவர் அதை அடித்தார். "வீடு வீடா நானா போகப்போறேன்? போறவங்க பேரைப் போடுங்க" என்று சொல்லி, அடியில் ஆலோசகர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து வராந்தாவில் நின்று அழுதேன் அண்ணா. யாரும் பார்க்கவில்லை.

ஸ்டேஷன் பக்கத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் துளசிங்கம் என்பவர் அடித்துத் தருகிறார். ஆறு காப்பி. முதுகுத்தண்டுக்கு உள்ள இங்கிலீஷ் வார்த்தையில் ஓ வர வேண்டிய இடத்தில் ஏ போட்டு, முதுகெலும்புச் சீட்டு என்று அர்த்தம் வரும்படி ஆறிலும் அடித்து வைத்திருக்கிறார். இன்னொரு தரம் அடிக்கிறார்.

வீட்டுக்குப் போனவர்களில் விலாசம் உள்ள முப்பத்துநாலு பேருக்கு ரிப்ளை கார்டு அனுப்பியிருக்கிறேன். உடம்பு எப்படி, புண் உண்டா என்று இரண்டே கேள்வி. பதில் வந்தால் விண்ணப்பத்தோடு சேர்க்கலாம்.

தங்கை
ஜீவா


பாளையங்கோட்டை
14-10-1968

அன்புள்ள ஜீவா,

சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பேனா மக்கர் செய்கிறது, அதனால்தான் பென்சில்.

டாக்டர் செய்தது பெரிய காரியம். அவருக்கு என் வந்தனம் சொல்.

ஒரு யோசனை. நாலாம் பக்கத்தில் என்னைப் பற்றிய வாக்கியத்தை எடுத்துவிடு. ஒரே ஒரு ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. படித்தவர்கள் சிரிப்பார்கள்.

அன்புடன்
வேதசிரோமணி


தாம்பரம்
21-10-1968

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். உங்கள் கடிதம் இவ்வளவு சுருக்கமாக வந்ததே இல்லை. அண்ணி சுகமா?

சனிக்கிழமை விண்ணப்பத்தை ரிஜிஸ்தர் செய்து ஏர்மெயிலில் அனுப்பிவிட்டேன். கோபிக்காதீர்கள், அந்த வாக்கியத்தை எடுக்கவில்லை. மற்றதெல்லாம் கணக்கும் அட்டவணையும்தான். அந்த ஒரு வரியில்தான் மனுஷன் இருக்கிறான். படித்தவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

ரிப்ளை கார்டு இருபத்தாறு திரும்பி வந்துவிட்டது. இருபத்தாறிலும் சுகம், புண் இல்லை. டாக்டர் ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, "எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க, அப்புறம் எதுக்கு ரிசர்ச்?" என்கிறார். எனக்குச் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

உடனே பதில் போடுங்கள்.

தங்கை
ஜீவா


தாம்பரம்
9-12-1968

அன்புள்ள அண்ணிக்கு,

இதை உங்கள் ஸ்கூல் விலாசத்துக்கு எழுதுகிறேன். வீட்டுக்குக் கொண்டுபோகாமல் அங்கேயே படியுங்கள். அண்ணன் எழுதி எட்டு வாரம் ஆகிறது. கிறிஸ்துமஸ் வாழ்த்துகூட உங்கள் கையெழுத்தில் வந்தது.

சனிக்கிழமை காலை மேடவாக்கத்திலிருந்து ஏகநாதன் என்பவரை மாட்டுவண்டியில் வைக்கோல் மேல் போட்டுக் கொண்டுவந்தார்கள். கிணற்றில் தூர் வாரும்போது விழுந்தவர், போன வருடம் இங்கிருந்து போனவர். சுகம் என்று கார்டு போட்ட இருபத்தாறு பேரில் ஒருவர். புரட்டிப் பார்த்தேன். என் முஷ்டி உள்ளே போகும். அவர் சம்சாரம் கிளியம்மாளிடம் கார்டைக் காட்டி, ஏம்மா இப்படி எழுதினீங்க என்று சத்தம் போட்டுவிட்டேன்.

"இன்னா சிஸ்டர் பண்றது?" என்றாள். "நீங்க அவ்ளோ சொல்லிக் குடுத்து அனிச்சீங்க. புண்ணு வந்துட்சின்னு எய்தினா சிஸ்டரு இன்னா நெனப்பாங்கன்னு வெக்கப்பட்டுகினு கீறாரு. நல்லாகீறேன்னு எய்தச் சொன்னாரு. எய்திட்டேன்."

அதற்கப்புறம் என்னால் வேலையில் நிற்க முடியவில்லை. குவார்ட்டர்சுக்கு வந்து அண்ணன் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். ஆகஸ்டில் பேனா, அக்டோபரில் பென்சில். படுத்துக்கொண்டு எழுதினால் பேனாவில் மை ஒழுங்காக இறங்காது அண்ணி. எங்கள் வார்டில் எல்லாருமே பென்சிலில்தான் எழுதுகிறார்கள். பத்து வருடமாக இதைப் பார்க்கிறவள் நான். எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று?

அண்ணனிடம் கேட்கப்போவதில்லை. உங்களிடம் கேட்கிறேன். என்ன நிறம்? எவ்வளவு அகலம்? வாடை உண்டா? ஜுரம் உண்டா? இந்த நாலுக்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

ஜீவா


பாளையங்கோட்டை
11-12-1968

அன்புள்ள ஜீவா,

ஓரத்தில் கறுப்பு, நடுவில் மஞ்சள். என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் சின்னது. வாடை உண்டு. ஜுரம் நாலு நாளாக இருக்கிறது, நேற்று குளிர் வந்து பல் கிட்டிப்போய்விட்டது.

ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஜூலையில் ஆரம்பித்தது. சக்கர நாற்காலியின் பஞ்சு மெத்தை கிழிந்திருந்தது. தைத்துத் தருகிறேன் என்றேன், அதற்குள் பரீட்சை வந்துவிட்டது. பிள்ளைகளுக்காக ஒரு நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை அதிலேயே உட்கார்ந்திருந்தார். உட்காரும் எலும்பு இருக்கும் இடத்தில் ஒரு சிவப்பு. ஆறிவிடும் என்றார். ஆறுகிற மாதிரியும் இருந்தது. அப்போதுதான் உன் கட்டு வந்தது. நாலாம் பக்கத்தை வாசித்துவிட்டு ரொம்ப நேரம் மடியிலேயே வைத்திருந்தார். "இது ஆறினப்புறம் அவளிடம் சொல்லிக்கொள்ளலாம், இப்போது சொன்னால் விண்ணப்பத்தையே கிழித்துப் போட்டுவிடுவாள்" என்றார். என் கையைப் பிடித்து வாக்கு வாங்கிக்கொண்டார். நானும் கொடுத்தேன்.

அப்புறம் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் பெரிதாயிற்று. உனக்கு எழுத வேண்டும் என்று நாலு தரம் இன்லண்ட் வாங்கினேன் ஜீவா. ஒவ்வொன்றிலும் மளிகைக் கணக்குத்தான் எழுதினேன். ஸ்கூலுக்கு வந்தால் கதவைத் தாழிட்டுவிட்டு வந்த மாதிரி மனசு அங்கேயே கிடக்கும். இங்கே ஒரு டாக்டரைக் கூட்டிவந்தேன். மருந்து எழுதிக் கொடுத்தார், புண்ணைப் பார்க்கவில்லை. இவர் காட்டவில்லை.

வாக்கை மீறிவிட்டேன். என்ன செய்ய வேண்டுமோ சொல்.

சரோஜினி


தந்தி
தாம்பரம், 13-12-1968

படுக்கை தயார். இன்றே எக்ஸ்பிரசில் புறப்படுங்கள். குப்புறப் படுக்கவைத்துக் கொண்டுவரவும். ஸ்ட்ரெச்சருடன் ஸ்டேஷனில் இருப்பேன். ஜீவா.


தாம்பரம்
16-1-1969

அன்புள்ள அண்ணிக்கு,

ஊர் போய்ச் சேர்ந்த கடிதம் கிடைத்தது. நான் சுகம், அண்ணனும் தேறி வருகிறார். இந்த வார்த்தையை இப்போதெல்லாம் யோசித்துத்தான் எழுதுகிறேன். ஆகையால் விவரம் சொல்கிறேன்.

ஜுரம் விட்டுப் பன்னிரண்டு நாள் ஆகிறது. செத்த சதையை டாக்டர் இரண்டு தடவையாக வெட்டி எடுத்தார். எலும்பு வரை போகவில்லை. இன்னும் பத்து நாள் போயிருந்தால் போயிருக்கும் என்றார். அடியில் இப்போது நல்ல சிவப்பாகச் சதை பொரிப்பொரியாக எழும்புகிறது. காலையில் கட்டைப் பிரிக்கும்போதே எனக்கு நிம்மதியாக மூச்சு வருகிறது. குப்புறப் படுத்தபடியே நாள் முழுக்கப் பேசுகிறார். பக்கத்துக் கட்டிலில் ஏகநாதன். இருவருக்கும் யார் புண் முதலில் ஆறும் என்று பந்தயம்.

லண்டனுக்கு எழுதிவிட வேண்டும் என்று அண்ணனிடம் சொன்னேன். அந்த வாக்கியம் பொய்யாகிவிட்டதே.

"மே மாதம் முடிவு வரட்டுமே" என்றார். "அதுக்குள்ள எனக்கே ஆறிடும்."

"ஆறினாலும் வந்தது வந்ததுதானே அண்ணா."

முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டார். நான் டிரெஸ்ஸிங் டிராலியைத் தள்ளிக்கொண்டு மூன்று கட்டில் தாண்டிப் போய்விட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டார். "உன் இங்கிலீஷ்ல எழுதி மானத்தை வாங்காதே. காகிதத்தைக் கொண்டா."

படுத்தபடியே பென்சிலில் அவரே எழுதினார். நாலாம் பக்கத்து ஆசிரியருக்குப் புண் வந்துவிட்டது, அதை அவர் ஐந்து மாதம் மறைத்தார், அந்த ஆசிரியர் விண்ணப்பதாரரின் சொந்த அண்ணன் என்பதையும் சொல்லாமல் விட்டது தவறு என்று எழுதினார். கடைசி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை அண்ணி.

நானும் ஒரு பத்தி சேர்த்தேன். லீவு நாளில் பஸ் பிடித்து, சுகம் என்று கார்டு போட்டவர்களில் ஒன்பது பேர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஐந்து பேருக்குப் புண் இருக்கிறது. எல்லாருமே என்னைப் பார்த்ததும் மன்னிப்புக் கேட்டார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. புண் வந்தால் திட்டுவேன் என்ற பயத்தையும் சேர்த்துத்தான் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன் போலிருக்கிறது. இனி வேறு மாதிரி சொல்லி அனுப்ப வேண்டும்.

கடிதம் நேற்று போயிற்று. பணம் வராமல் போகலாம். அண்ணன் உடம்பு தேறினால் போதும் என்று இருக்கிறது.

ஜீவா


பாளையங்கோட்டை
24-1-1969

அன்புள்ள ஜீவா,

நான் சுகம். உண்மையாகவே சுகம். உன் கடிதம் வந்த அன்று ஸ்கூல் விட்டு வந்து பாயில் சாய்ந்தவள் மறுநாள் காலை பால்காரர் தட்டித்தான் எழுந்தேன். ஆறு மாதமாக அப்படித் தூங்கவில்லை. வீடு காலியாக இருக்கிறதே என்று வருத்தம் வர வேண்டும். வரவில்லை. அவர் சரியான இடத்தில் இருக்கிறார் என்பதே போதுமாக இருக்கிறது.

எனக்கு உன்மேல் கொஞ்சம் கோபமும் இருந்தது. இப்போது சொல்லிவிடுகிறேன். அவருக்குப் புண் வராத ஒவ்வொரு மாதமும் நீ என்னைப் புகழ்ந்து எழுதினாய். "அண்ணி கை ராசி" என்பாய். வந்துவிட்டபோது அந்தக் கையை எங்கே ஒளிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நீ நல்ல எண்ணத்தில்தான் எழுதினாய், தெரியும். இதை இங்கே எழுதியதும் என் கோபம் போய்விட்டது.

புது மெத்தை தைக்கக் கொடுத்திருக்கிறேன், இலவம்பஞ்சு. ஸ்கூல் லீவு விட்டதும் வருகிறேன். அவரிடம் நான் சண்டை போடப்போவதாகச் சொல்லிவை. அப்போதுதான் தைரியமாக இருப்பார்.

சரோஜினி


தாம்பரம்
17-6-1969

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். உங்களை அனுப்பிவிட்டு வந்தபின் வார்டில் சத்தமே இல்லை. பந்தயத்தில் ஏகநாதன்தான் ஜெயித்தார், அதை மறக்காதீர்கள்.

லண்டன் கடிதம் நேற்று வந்தது. மேட்ரன் ரூமில் நின்றுகொண்டே பிரித்தேன். தந்துவிட்டார்கள் அண்ணா! இரண்டு வருடம் கேட்டதற்கு ஒரு வருடம்தான். ஒரு நர்சின் சம்பளம், பஸ் செலவு, அவ்வளவே. ஜீப் இல்லை. முடிவைப் பார்த்து இரண்டாம் வருடத்துக்கு மறுபடி விண்ணப்பிக்கலாமாம். நம் திருத்தத்தைப் பற்றி ஒரே வரிதான். "ஜனவரி மாதக் கடிதம் விண்ணப்பத்துடன் இணைக்கப்பட்டது." பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. அந்த வரியைத்தான் நாலு தரம் படித்தேன்.

டாக்டர் லாசரஸ் வார்டுக்கு வந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "சிஸ்டருக்கு லண்டன்ல மார்க் போட்டுட்டாங்க" என்றார். நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஏகநாதனைப் பரிசோதனைக்குக் கூட்டிவந்திருந்த கிளியம்மாள் வெளியே ஓடிப்போய்க் கோலி சோடா வாங்கி வந்தாள்.

ஒரு வருத்தம். தாம்பரத்திலிருந்து இருபது மைலுக்குள் இருப்பவர்களை மட்டுமே சேர்க்க வேண்டும் என்று நிபந்தனை. உங்களைச் சேர்க்க முடியாது.

முதல் வீடு சேலையூரில், ஜூலை முதல் வாரம். கார்டு அனுப்பப்போவதில்லை. நேரே போய்க் கதவைத் தட்டுவேன்.

தங்கை
ஜீவா


பாளையங்கோட்டை
1-7-1969

அன்புள்ள ஜீவா,

உன் கடிதத்தை அண்ணி உரக்கப் படித்தாள், நான் கேட்டேன். பிறகு நான் உரக்கப் படித்தேன், அவள் கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் இந்நேரம் மனப்பாடம் ஆகியிருக்கும்.

ஒரு வருடம் போதும். ஒரு வருடத்தில் நீ அவர்களை மிரட்டி இரண்டாம் வருடத்தை வாங்கிவிடுவாய்.

இருபது மைல் என்று நீ வருத்தப்பட வேண்டாம். எனக்கு அதைக் கேட்டதும் அப்படியொரு நிம்மதி. மூன்று வருடம் உனக்குச் சாட்சியாக இருந்தேன். உன்மேல் தப்பில்லை, எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் சாட்சிக்கு உடம்புக்கு வரக்கூடாது பார். புண்ணைவிட அதுதான் எனக்குப் பாரமாக இருந்தது. உன் அட்டவணையில் நான் எந்தக் கட்டத்திலும் இல்லை என்றால், வெறும் அண்ணனாக இருந்துகொள்கிறேன். அந்த உத்தியோகம் எனக்குச் சுலபம்.

டியூஷன் மறுபடி ஆரம்பித்தாயிற்று. மூன்று பிள்ளைகள் மட்டும். மணியடித்த மாதிரி கால் மணிக்கு ஒருதரம் கையை ஊன்றி உடம்பைத் தூக்குகிறேன். நான் மறந்தால் அவர்கள் ஞாபகப்படுத்துகிறார்கள், பாடம் கொஞ்ச நேரம் நிற்குமே என்ற ஆசையில்.

இனி உடம்பு விவரம். பழைய புண் இருந்த இடம் மூடியிருக்கிறது, தோல் மெல்லிசு. இடது குதிகாலில் நேற்றுக் காலை ஒரு சிவப்பு, பத்துப் பைசா அகலம். அண்ணி பார்த்தாள். கண்ணாடி வைத்து நானும் பார்த்தேன். செருப்பு வார் பட்டது போலிருக்கிறது. செருப்பைக் கழற்றி, குதிகால் படாமல் தலையணை வைத்துப் படுத்தேன். இன்று காலை பாதியாகக் குறைந்திருக்கிறது.

குறையாவிட்டால் எழுதுவேன். குறைந்தாலும் எழுதுவேன்.

அன்புடன்
அண்ணன்
வேதசிரோமணி